பிளேட்லெட் நார்மல், ஆனாலும் கால் முழுக்கப் புள்ளி

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. சளி, தொண்டை வலி வந்து போய் இரண்டு வாரம் கழித்து, இரண்டு காலிலும் பிட்டத்திலும் செந்நீலப் புள்ளிகள். முட்டி வீங்கி நொண்டுகிறான். காய்ச்சல் இல்லை. உசிலம்பட்டியில் ரத்தம் பார்த்தோம். பிளேட்லெட் 2.9 லட்சம். டெங்குவாக இருக்கலாம், தினமும் பாருங்கள் என்கிறார் லேப்காரர். பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. 1.5 லட்சத்துக்கு மேல் இருந்தாலே போதும், குறையாத பிளேட்லெட்டை ஏற்றச் சாறு எதற்கு? தினமும் பிள்ளையைக் குத்தி எண்ணுவதில் லேபுக்குத்தான் லாபம். ஆஸ்பத்திரி வாசலில் 'ஃபுல் பேக்கேஜ்' டெஸ்ட் என்று பேசி லேபுக்குக் கூட்டிப்போகும் ஏஜென்ட்டிடமும் சிக்காதீர்கள். அவருக்கு அதில் கமிஷன்.

இது ஹெனோக் ஷோன்லைன் பர்ப்புரா போலத் தெரிகிறது. மருத்துவர் நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். ரத்த அணுவில் குறையில்லை, சிறு ரத்தக்குழாய்களின் சுவர் அழன்று ரத்தம் கசிகிறது. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் நிறம் மங்காது. தடவினால் புள்ளி லேசாகத் தடித்திருக்கும். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் தானாக அடங்கும். முட்டிக்கு நிரந்தரச் சேதம் வராது.

வயிற்று வலியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சில பிள்ளைகளுக்குப் புள்ளி வருவதற்கு முன்பே வயிறு வலிக்கும், குடல்வால் என்று நினைத்து அலைவார்கள். குடல் சுவரிலும் இதே கசிவுதான். அரிதாக ஒரு குடல் பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளும். விட்டுவிட்டுச் சுருண்டு அழுதாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ இரவென்றும் பாராமல் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலோடு புள்ளி வேகமாகப் பரவினாலும் அப்படித்தான்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். கடும் வயிற்று வலிக்கு மருத்துவர் எழுதுவார், ஆனால் இந்த நோயில் வரக்கூடிய சிறுநீரகப் பாதிப்பை அது தடுப்பதில்லை.

எனக்குக் கவலை அந்தச் சிறுநீரகம்தான். வலி இல்லாமல் கெடும். முதல் ஒன்றிரண்டு மாதம் வாரம் ஒரு முறை, பிறகு இடைவெளி விட்டு, ஆறு மாதம் வரை சிறுநீரில் புரதமும் ரத்தமும் பார்க்க வேண்டும், கூடவே பி.பி.யும். நம் ஆஸ்பத்திரிகளில் சீட்டில் 'ரிவ்யூ' என்று ஒரு சொல் எழுதி அனுப்புகிறார்கள். எதற்கு வர வேண்டும் என்று எழுத இரண்டு வரிக்கு மேல் ஆகுமா? கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரிசையில் நிற்பவர்கள், புள்ளி மறைந்ததும் வருவதை நிறுத்தாமல் என்ன செய்வார்கள்?

ஒவ்வொரு முறையும் மதுரைக்கு வர வேண்டியதில்லை. சிறுநீரில் ஆல்புமினை, அதாவது அந்தப் புரதத்தை, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். அதே சிறுநீரில் ரத்தம் கலந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி.பி. எடுக்கும்போது, கையில் சுற்றும் பட்டை பிள்ளைகளுக்கானதுதானா என்று பாருங்கள். பெரியவர்கள் பட்டையைச் சுற்றினால் அளவு குறைவாகக் காட்டும், கூடியிருப்பது தெரியாமல் போகும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொண்டுபோங்கள்.