லைனில் வேலை பார்த்துக்கொண்டே மெஷின் செய்பவர்களுக்கு: பீன்யாவிலிருந்து கேள்வி பதில்

பெங்களூரில் ஃபேக்டரி லைனில் நிற்கும் நம் ஆட்கள் சிலர், வேலையை எளிதாக்க தாங்களே ஒரு மெஷினோ ஃபிக்சரோ செய்யும் எண்ணத்தில் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். டூல் ரூமிலும் மெயின்டனன்ஸிலும் கிடந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, எங்கள் அசெம்பிளி லைனில் போல்ட்டில் வாஷரைக் கையால்தான் கோக்கிறோம். நாள் முழுக்க விரல் நோகிறது. இதற்குத் தானியங்கி மெஷின் ஒன்று மனதில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (பீன்யா இரண்டாம் கட்டம், ஆபரேட்டர்)

வரைபடத்தை அப்புறம் போடலாம் தம்பி. முதலில் மொபைலில் ஸ்டாப்வாட்சை எடு. ஷிப்ட் எட்டு மணி நேரம், சாப்பாடு, டீ போக 450 நிமிடம் என்று வை. அதாவது 27,000 வினாடி. ஒரு ஷிப்டுக்கு 900 பீஸ் வேண்டுமென்றால் 30 வினாடிக்கு ஒன்று வெளியே வர வேண்டும். இப்போது ஒவ்வொரு ஸ்டேஷனையும் அளந்து பார். வாஷர் ஸ்டேஷன் 22 வினாடி, அடுத்திருக்கும் லீக் டெஸ்ட் 29 வினாடி என்று வந்தால், நீ மெஷின் வைத்து 22-ஐ 12 ஆக்கினாலும் லைனிலிருந்து ஒரு பீஸ்கூட அதிகம் வராது. மேனேஜர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்.

அதற்காக யோசனையைக் கைவிட வேண்டாம். விரல் வலி குறைவதும், வாஷர் விட்டுப்போய் வரும் ரிஜெக்ஷன் நிற்பதும் போதுமான காரணங்கள்தான். அந்தக் காரணத்தைச் சொல்லிக் கேள், உற்பத்தி கூடும் என்று சொல்லிக் கேட்காதே.

இன்னொன்று. மொத்த வேலையையும் மெஷினிடம் கொடுக்கப் பார்க்காதே. அந்த 22 வினாடியில் கை செய்யும் அசைவுகளைத் தனித்தனியாக எழுது: டிரேயில் தேடுவது, ஒன்றை மட்டும் பிரிப்பது, திருப்பிப் பிடிப்பது, கோப்பது. அநேகமாக கோப்பதைவிட பிரிப்பதில்தான் நேரம் போகும். அந்த ஒரு அசைவை எடுத்துவிட்டால் பாதி மெஷின் தேவைப்படாது.

பட்ஜெட் என்று கேட்டால் ஒரு பைசா கிடையாது என்கிறார்கள். (பொம்மசந்திரா)

நல்லதுதான். காசு இல்லாதபோதுதான் யோசனை சுத்தமாக வரும். ஜப்பான்காரர்கள் ‘கராகுரி’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கரண்ட் இல்லை, காற்று இல்லை, பொருளின் எடையும் நெம்புகோலும் ஸ்பிரிங்கும் மட்டும். நிரம்பிய டிரே தன் எடையில் சரிந்து இறங்கும், அந்த இறக்கமே காலி டிரேயை மேலே தூக்கிவிடும். ஸ்கிராப்பில் கிடக்கும் பைப், பழைய ரோலர், கொஞ்சம் நைலான் கயிறு போதும். முதல் மாதிரியை அட்டையில் செய். சரிவு எத்தனை டிகிரி இருந்தால் பீஸ் நிற்காமல் போகும் என்பதை அட்டையே சொல்லிவிடும். ஸ்கிராப்பை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடு, கேட்டில் செக்யூரிட்டியிடம் பேச்சு வாங்க வேண்டாம்.

மெஷினில் தள்ளுவதற்கு வைக்கும் காற்றுச் சிலிண்டரின் சைஸை எப்படிக் கணக்குப் போடுவது சார்? கடைக்காரர் பெரியதாகவே தருகிறார்.

பரப்பளவை அழுத்தத்தால் பெருக்கு, அவ்வளவுதான். 50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 19.6 சதுர செ.மீ. ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம், அதனால் 5 பார் காற்றில் ஏறக்குறைய 100 கிலோ தள்ளும். உராய்வுக்கும் காற்று ஏற்ற இறக்கத்துக்கும் விட்டு, 70 கிலோவுக்கு மேல் நம்பாதே. திரும்பி வரும்போது ராடின், அதாவது வெளியே நீளும் தண்டின், பரப்பு கழிந்துவிடும். ராட் 20 மி.மீ. என்றால் இழுவிசை ஆறில் ஒரு பங்கு குறைவு. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விசை நாலு மடங்கு, காற்றுச் செலவும் நாலு மடங்கு. கம்ப்ரசர் பில் கம்பெனிக்குத்தான் என்றாலும், தேவையில்லாத 400 கிலோ விசைக்கு நடுவே வரப்போவது பக்கத்து ஆளின் விரல்.

ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டு வைத்து மெஷினை ஓட்டலாமா?

சோதனைக்கு தாராளமாக. எஸ்.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும். தினசரி லைனுக்கு வேண்டாம். வெல்டிங் மெஷினும் மோட்டாரும் ஓடும் இடத்தில் அது காரணமில்லாமல் ரீசெட் ஆகும். ஃபேக்டரி மெஷின்களுக்கென்றே செய்த கன்ட்ரோலரான 24 வோல்ட் பி.எல்.சி. ஒன்று வாங்கித் தரச் சொல். நாளை நீ லீவு போட்டாலும் வேறொருவர் திறந்து பார்க்க முடியும்.

சின்ன பிரெஸ் ஒன்று செய்திருக்கிறேன். ஃபுட் ஸ்விட்ச் வைத்தால் வேகமாகப் போகிறது. இரண்டு கை பட்டன் வைத்தே ஆக வேண்டுமா ஐயா? (ஜிகணி, டெக்னீஷியன்)

வைத்தே ஆக வேண்டும். கால் அழுத்தும்போது கை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. இரவு ஷிப்டில் மூன்று மணிக்குக் கேட்கவே வேண்டாம்.

இரண்டு பட்டன் வைத்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஆபரேட்டர்கள் ஒரு பட்டனை டேப் ஒட்டியோ, ரப்பர் பேண்ட் போட்டோ அழுத்தியபடியே கட்டிவைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டுவதைப் பார்க்காத ஷாப் ஃப்ளோர் கிடையாது. அதனால்தான் இரண்டு பட்டனும் 0.5 வினாடிக்குள் அழுத்தப்பட வேண்டும், அடுத்த அடிக்கு முன் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. இதைச் செய்யவே தனி டூ-ஹேண்ட் சேஃப்டி ரிலே விற்கிறார்கள். சாதாரண பி.எல்.சி. புரோகிராமை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரு கையின் முழங்கையால் ஒன்று, விரலால் ஒன்று என்று அழுத்த முடியாத தூரத்தில் பட்டன்களை வையுங்கள். பிரெஸ்ஸிலிருந்து பட்டன் இருக்கும் தூரமும் முக்கியம்: கையை எடுத்து உள்ளே கொண்டுபோவதற்குள் ராம், அதாவது கீழே இறங்கி அடிக்கும் பகுதி, நின்றிருக்க வேண்டும்.

அப்புறம் காற்று. எமர்ஜென்சி அழுத்தியதும் கரண்ட் போய்விடும், ஆனால் சிலிண்டருக்குள் காற்று அப்படியே இருக்கும். செங்குத்தாகத் தொங்கும் சிலிண்டர் என்றால் காற்றை விட்டதும் எடையோடு கீழே இறங்கும். அதைத் தாங்க ராட் லாக் அல்லது காற்று வெளியேறாமல் பிடிக்கும் வால்வு போடுங்கள். ஜாம் ஆன பீஸை எடுக்க உள்ளே கை விடும்போதும் விபத்து நடக்கும். ஓடும்போது உங்கள் மெஷின் பத்திரமா என்பதோடு, நின்ற நிலையில் பத்திரமா என்றும் பாருங்கள். சேஃப்டி ஆபீசரின் கையெழுத்து இல்லாமல் ஒரு பீஸ்கூட அடிக்க வேண்டாம்.

பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தர நான் செய்த ஃபீடர் நன்றாக ஓடுகிறது. பேட்டன்ட் எடுத்தால் அது எனக்கா, கம்பெனிக்கா? (ராஜாஜிநகர்)

உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். நம் பேட்டன்ட் சட்டத்தில், 1970-இல் வந்தது, ஊழியர் செய்த கண்டுபிடிப்பு யாருக்கு என்று தனிப் பிரிவு கிடையாது. 6-ஆம் பிரிவின்படி கண்டுபிடித்தவரோ, அவரிடமிருந்து உரிமை எழுதி வாங்கியவரோ விண்ணப்பிக்கலாம். அந்த ‘எழுதி வாங்குதல்’ பல கம்பெனிகளில் நீங்கள் சேர்ந்த அன்றே, படிக்காமல் போட்ட கையெழுத்தில் முடிந்திருக்கும்.

ஜப்பானில் நிலைமை வேறு. நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷுஜி நகாமுராவுக்கு அவருடைய கம்பெனி முதலில் தந்தது 20,000 யென். அங்குள்ள சட்டம் ஊழியருக்கு நியாயமான தொகை தரச் சொல்வதால் வழக்குப் போட்டார். 2004-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் சுமார் 84 கோடி யென்னுக்கு சமரசம் ஆனது. இங்கே அப்படிக் கேட்க அந்த மாதிரிப் பிரிவு இல்லை, பேசி வாங்க வேண்டியதுதான்.

உரிமை உங்களிடமே இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. தெரிந்த பாகங்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு வேலை செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. வைப்ரேட்டரி பவுல் (அதிர்ந்து பாகங்களை வரிசையாக அனுப்பும் கிண்ணம்), சென்சார், சிலிண்டர் எல்லாம் கடையில் வாங்கியவை. அவை சேர்ந்ததால் புதிதாக என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டும். விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், தும்கூர் ரோடு கண்காட்சியில் யாரிடமும் விளக்காதீர்கள். முதலில் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம், போட்டுவிட்டால் முழு விவரம் தர 12 மாதம் அவகாசம். நமக்கு சென்னை கிண்டி அலுவலகம்தான், ஆன்லைனிலேயே போடலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். வக்கீலுக்குத்தான் அதிகம் ஆகும்.

நான் செய்ததை என் சூப்பர்வைசர் தன் பெயரில் கைசன் ஷீட்டில் (மேம்பாட்டு யோசனைகளை எழுதித் தரும் படிவம்) எழுதிவிட்டார்.

கோபம் நியாயம். ஆனால் ‘நான்தான் செய்தேன்’ என்பதை எதைக் காட்டிச் சொல்வீர்கள்? இனி ஒவ்வொரு ஸ்கெட்சிலும் தேதியும் கையெழுத்தும் போடுங்கள், யோசனையை வாய்மொழியாகச் சொல்லாமல் மெயிலில் அனுப்புங்கள், இரண்டு பேருக்குக் காப்பியுடன். பேட்டன்ட் வரை போனால், உரிமை கம்பெனிக்கே என்றாலும் கண்டுபிடித்தவராக உங்கள் பெயரைக் குறிப்பிடக் கேட்க 28-ஆம் பிரிவு இருக்கிறது.

அண்ணா, நான் கார்மென்ட்ஸில் டெய்லர். காலர் மடிக்க ஒரு சின்ன ஃபோல்டர் தகட்டில் செய்தேன். வேகமாகப் போகிறது. காட்டினால் டார்கெட்டை ஏற்றிவிடுவார்கள் என்று பக்கத்தில் இருக்கும் அக்கா பயப்படுகிறார். (மைசூர் ரோடு)

அக்கா சொல்வது சரிதான் தங்கச்சி. உங்கள் டார்கெட் எஸ்.ஏ.எம். கணக்கில் வருகிறது. ஒரு ஆபரேஷனுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு அது. உன் ஃபோல்டர் மாதிரி அட்டாச்மென்ட் வந்தால் வேலை நேரத்தை அளக்கும் ஐ.ஈ. ஆட்கள் மறுபடி நேரம் எடுப்பார்கள், மணிக்கு 60 என்பது 75 ஆகும், கூலி அதேதான். அதனால் காட்டுவதற்கு முன் பேசுங்கள், தனியாகப் போகாமல் லைனில் நாலைந்து பேராக. இத்தனை நாள் வரை பழைய டார்கெட், கூடுதல் பீஸுக்கு இன்சென்டிவ் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புக்கொள்ளவில்லையா, ஃபோல்டர் உங்கள் பையிலேயே இருக்கட்டும். இதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

என் மெஷின் வந்ததால் இரண்டு காண்ட்ராக்ட் பையன்களை நிறுத்திவிட்டார்கள். கேன்டீனில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நிறுத்தியது நீங்கள் இல்லை, ஆனால் அவர்கள் கோபம் உங்கள் பக்கம் வருவதும் இயல்பு. ஆட்குறைப்புக்கு வழிசெய்யக்கூடிய இயந்திர மேம்பாடு என்றால் தொழிலாளர்களுக்கு முன்கூட்டி 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது, 2020-இன் புதிய தொழில் உறவுச் சட்டத்திலும் இருக்கிறது. காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தில் அது எட்டாமல் போவதுதான் சங்கடம். அடுத்த யோசனையைக் கொடுக்கும்போது, ‘மிச்சமாகும் ஆள் எந்த ஸ்டேஷனுக்குப் போவார்’ என்ற வரியையும் உங்கள் ஷீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதியிருந்தால் அதைத் தாண்டிப் போக அவர்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பையன்களுக்குத் தெரிந்த இடத்தில் வேலை கேட்டுக் கொடுங்கள், கேன்டீன் பேச்சு தானாக வரும்.

500 ரூபாயும் ஒரு சர்டிஃபிகேட்டும் தந்தார்கள். இவ்வளவுதானா?

பல இடங்களில் இவ்வளவுதான். மத்திய அரசின் விஸ்வகர்மா ராஷ்ட்ரிய புரஸ்கார் தொழிலாளர்களின் யோசனைகளுக்காகவே வந்த விருது. இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று விசாரித்து, வாங்கினால் உங்கள் நிர்வாகம் மூலம் போகச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக ஓடியது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மெஷின் மூலையில், மேலே அட்டைப் பெட்டி. ஏன் இப்படி? (எலக்ட்ரானிக் சிட்டி)

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். மாடல் மாற்ற நேரமாகிறது, அல்லது சின்ன கோளாறு வந்தால் ஆபரேட்டரால் சரிசெய்ய முடியவில்லை. ஸ்பேனர் தேடி இருபது நிமிடம் நிற்பதைவிடக் கையால் செய்வதே மேல் என்று அவர் முடிவு செய்திருப்பார், அது சரியான முடிவும்கூட. போல்ட்டை எடுத்துவிட்டு கைப்பிடி கிளாம்ப் போடுங்கள். ஸ்டாப்பரில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு நிறம் அடியுங்கள். ஜாம் ஆனால் தானே நின்று விளக்கு எரியட்டும். ஜப்பானின் சகிச்சி டொயோடா 1924-இல் செய்த தானியங்கித் தறி நூல் அறுந்தால் தானே நின்றதால்தான் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. சிலிண்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ரீட் ஸ்விட்ச் இரண்டும், காற்று கசியாமல் பிடிக்கும் ரப்பர் சீல் கிட் ஒன்றும் ஸ்டோரில் பெயர் எழுதி வாங்கி வையுங்கள். அப்புறம் மெஷினை மறுபடி லைனில் போடும் முன், அதை மூலையில் தள்ளிய ஆபரேட்டரையே கூப்பிட்டு எது எரிச்சலாக இருந்தது என்று கேளுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.