வால்பாறை மாதிரி சொர்க்கத்தில் பிறந்தவர்கள் ஏன் அதை விட்டுவிட்டு பெங்களூருக்கு வந்து கஷ்டப்படுகிறார்கள்?

கேட்டவர் ஆழியாறில் இருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வரையாடு பார்த்து, இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தவராக இருக்க வேண்டும். ஊர் அழகுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் "விட்டுவிட்டு" என்ற வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. நான் அங்கே ஒரு எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீட்டில் பிறந்தவன், பெங்களூர் மடிவாளாவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. அந்த மலையில் விட்டுவிட்டு வருவதற்கு எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கூட இருந்ததில்லை.

1890களில் ஆங்கிலேயர்கள் ஆனைமலைக் காட்டை வெட்டி முதலில் காப்பி, அப்புறம் தேயிலை போட்டார்கள். அப்படித் தோட்டம் போட்டவர்களில் ஒருவரான கார்வர் மார்ஷின் சிலையைக் கவர்க்கல் பக்கம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரம் வெட்ட, குழி தோண்ட, ஆள் பிடிக்கும் கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கீழ்நாட்டில் இருந்து கூட்டி வந்தவர்கள் எங்கள் முன்னோர்கள், மலேரியாவில் செத்தது போக மிச்சம் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். (எங்களுக்கு முன்பே காடர் பழங்குடிகள் அங்கே இருந்தார்கள், அவர்கள் இழந்தது இதைவிடப் பெரிது, அதை மறைக்கவில்லை.) டவுனைச் சுற்றி எஸ்டேட், எஸ்டேட்டைச் சுற்றிப் புலிகள் காப்பகம். இதில் ஒரு தொழிலாளி எங்கே மனை வாங்குவான்?

வேலை இருக்கும் வரை வீடு, அவ்வளவுதான். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்கு 58 முடிந்ததும், வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அதற்கு முன்பே முட்டி போய் வேலையை விட்டாயிற்று. கடைசி நாள் அப்பா அடுப்படிக் கரியைச் சுரண்டி, சுவரில் இருந்த ஆணியை எல்லாம் பிடுங்கி, அந்த ஓட்டையில் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கிளார்க் நிமிர்ந்து கூடப் பார்க்காமல் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். உள்ளே ஏற்கனவே நிறைய சாவி கிடந்தது.

அந்தச் சாவிகளுக்கும் காரணம் உண்டு. தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்தது சோவியத் யூனியன். 1991-ல் அது உடைந்தது, தொண்ணூறுகளின் கடைசியில் விலை சரிந்தது. மலை முழுக்க ஒரே பயிர் என்றால் அது விழும்போது எல்லோரும் விழ வேண்டியதுதான். திருப்பூர், கோவை என்று சனம் கீழே இறங்கியது. 2001 கணக்கெடுப்பில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டி இருந்த ஊர், 2011-ல் 70,859.

எஸ்டேட் சோறு தின்றுவிட்டு எஸ்டேட்டைத் திட்டுகிறான் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். நான் பிறந்தது எஸ்டேட் ஆஸ்பத்திரியில்தான், வளர்ந்தது எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில்தான். அதெல்லாம் அப்போது இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கொடுத்தாக வேண்டியது, கூலிக்கு மேல் போட்ட தர்மம் இல்லை. எல்லா நிர்வாகமும் ஒரே மாதிரி என்றும் நான் சொல்லவில்லை.

சாவி என்றதும் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே மடிவாளாவில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய வீட்டு ஓனர், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று சொல்லி இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆணி கூட அடிக்காமல் வைத்திருந்த சுவர் அது. ரசீது கேட்டதற்கு, "ஊரில் போய்க் கேளு" என்றார். எந்த ஊரில்?

உங்களுக்கு அங்கேயே குடியேற ஆசை என்றால் ஜூன், ஜூலையில் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற சின்னக்கல்லாறு பக்கத்தில்தான் இருக்கிறது. அட்டை கடிக்கும். யானை வந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும், அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும். அந்த மழையில் என் அம்மா முப்பது வருடம் நின்றார்.

இப்போது அப்பாவும் அம்மாவும் அன்னூர் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அங்கே பேக்டரிச் சங்கு கிடையாது, ஆனாலும் அம்மா அதே நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் பழைய வீட்டில் ஜார்க்கண்டில் இருந்து வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று இருக்கிறதாம். அப்பா நட்ட பட்டர் ஃப்ரூட் மரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது என்று பக்கத்து லைன் அண்ணன் போனில் சொன்னார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.