கீலில் ஓடிய புரோகிராம் எஸ்டிசிசியில் நின்றுபோவது ஏன்?

கேள்வி: காரைக்குடியில் கிணற்று மோட்டார் கண்ட்ரோலர் செய்கிறோம். 8051 வகையைச் சேர்ந்த ஏடி89எஸ்52 சிப், 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். கீல் சி51 கம்பைலரின் (சி புரோகிராமைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) இலவசப் பதிப்பு 2 கேபியோடு நின்றுவிடுவதால் எஸ்டிசிசி என்ற இலவசக் கம்பைலருக்கு மாறினோம். பிழைகளையெல்லாம் திருத்திய பிறகும், டைமர் ஓடத் தொடங்கியதும் போர்டு உறைந்துவிடுகிறது. எங்களுக்கென்று ஒரு கம்பைலரே எழுதிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், அது வருடக்கணக்கில் இழுக்கும். ஒரு ஹெட்டர் கோப்பு போதும்.

8051-இல் மெமரி பல துண்டுகளாக இருக்கிறது. எது எந்தத் துண்டில் என்று சொல்ல சி மொழியில் வழியில்லாததால், ஒவ்வொரு கம்பைலரும் தன் இஷ்டத்துக்குச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. கீலின் ‘கோட்’ (புரோகிராம் மெமரி), ‘எக்ஸ்டேட்டா’ (வெளி ரேம்), ‘இன்டரப்ட்’ (ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் ஃபங்ஷன்) ஆகியவற்றுக்கு எஸ்டிசிசியில் முன்னால் இரண்டு அடிக்கோடு வேண்டும். இன்டரப்ட் எண் அடைப்புக்குறிக்குள் வரும். இவற்றை ஹெட்டரில் மேக்ரோவாக்கி (கம்பைலருக்கு ஏற்ற சொல்லாக மாறிக்கொள்ளும் சுருக்கப்பெயர்), மற்றக் கோப்புகளில் மேக்ரோவை மட்டும் எழுதுங்கள். ஒரு பின்னுக்குப் பெயர் வைக்கும் ‘எஸ்பிட்’ மட்டும் மேக்ரோவுக்கு அடங்காது: பி1.2-க்குக் கீலில் போடும் கூரைக்குறி எஸ்டிசிசிக்கு வெறும் எக்ஸார் கணக்குக்குறி. அங்கே ஹெக்ஸ் 92 என்ற பிட் முகவரியை நேரடியாகக் கொடுக்க வேண்டும்.

போர்டு உறைவதற்கு அநேகமாகக் காரணம் இதுதான். டைமர் இன்டரப்ட் ஃபங்ஷன் தனிக் கோப்பில் இருந்தால், அதன் புரோட்டோடைப் (ஃபங்ஷனை அறிவிக்கும் வரி) மெயின் உள்ள கோப்பிலும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் எஸ்டிசிசி வெக்டர் (அந்த ஃபங்ஷனுக்குத் தாவும் கட்டளை) எழுதாது, பிழையும் காட்டாது. டைமர் 0 நிரம்பியதும் சிப் ஹெக்ஸ் 0பி முகவரிக்குத் தாவி, அங்கே கிடக்கும் வேறு ஏதோ கட்டளையை ஓட்டும். மெயினுக்கு உருவான அசெம்பிளி கோப்பைத் திறந்து, உங்கள் ஃபங்ஷன் பெயருக்கு ‘எல்ஜம்ப்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்சிடி செய்திகளையும் கவனியுங்கள். 17 பைட் வீதம் 8 செய்தி என்றால் 136 பைட். ‘கோட்’ போடாமல் சாதாரண அரேயாக விட்டால், நேரடியாக எட்டும் 128 பைட் ரேமிலேயே அது அடங்காது.

கீலில் அளந்து வைத்த வெற்று லூப் தாமதமும் கம்பைலர் மாறினால் மாறிவிடும். உங்கள் ஊர்ச் செட்டிநாட்டு வீடுகளில் கிணறு பின்கட்டில், போர்டு முகப்பில் என்றால் சென்சார் வயர் ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை ஓடும்; அவ்வளவு நீள வயரில் பொய்த் துடிப்புகள் ஏறும். 20 மில்லிவினாடி பொறுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் 5 மட்டும் பொறுத்தால் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். லூப்பை எடுத்துவிடுங்கள். டைமர் 0-ஐ 16 பிட் மோடில் வைத்து, ஒவ்வொரு இன்டரப்டிலும் 64614 ஏற்றினால் 1 மில்லிவினாடி கிடைக்கும். அதில் எண்ணும் மாறிக்கு ‘வோலடைல்’ (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்ற குறிப்பு) போட மறக்காதீர்கள்.