வீட்டு இணைய பில், கேபிள் பைசா: குமரி மாவட்டத்துக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தக்கலையிலிருந்து: சார், ஜிபே, கம்பெனி ஆப், நேர்ல போய்க் கொடுக்குறது, கேபிள்காரர் கையில கொடுக்குறதுன்னு நாலு வழி இருக்கு. எதுல அடைச்சா நல்லது?

வழியை அப்புறம் பார்ப்போம். முதல்ல நீங்க யாரோட கஸ்டமர்னு தெரிஞ்சுக்கணும். ஏர்டெல், ஜியோ லைன்ல குழப்பம் கிடையாது. பிஎஸ்என்எல் ஃபைபர்லதான் பலரும் தடுமாறுறாங்க. வீடு வரைக்கும் ஃபைபர் இழுத்துக் கொடுத்ததும், அறுந்தா வந்து ஒட்டுறதும் பல ஊர்கள்ல உள்ளூர் பார்ட்னர்தான். அதனால பைசாவும் அவருக்குத்தான்னு நினைக்கிறாங்க. பில் பிஎஸ்என்எல் பேர்ல வருது, கணக்கும் அங்கதான் இருக்கு. நீங்க நேரா பிஎஸ்என்எல்லுக்குக் கட்டினாலும் பார்ட்னரோட பங்கு அவருக்குப் போய்ச் சேரும். அவர் கோபப்படுவாரேன்னு கவலைப்பட வேண்டாம்.

மூணாவது வகை, கேபிள்காரரே ஒரு சின்ன இணைய கம்பெனிக்கு ஏஜெண்டா இருந்து கொடுக்குற லைன். இதுல கம்பெனியோட போர்ட்டல்ல உங்களுக்குன்னு ஒரு கஸ்டமர் ஐடி இருக்கும். "ஐடி எல்லாம் எதுக்கு, நான் பார்த்துக்கிடுதேன்"னு அவர் சொன்னாலும் கேட்டு வாங்கிடுங்க. ஐடி கையில இருந்தா கம்பெனி இணையதளத்துலயே கட்டலாம், எந்தத் தேதி வரைக்கும் ரீசார்ஜ் ஆகியிருக்குன்னு நீங்களே பார்க்கலாம்.

ஆக என் பதில்: பில் எந்தப் பேர்ல வருதோ, அந்தக் கணக்குல நேரா ஏறுற வழி எதுவானாலும் நல்லது.

கருங்கல்லிலிருந்து: அண்ணே, பிஎஸ்என்எல் நம்பரைப் போன்பேயில போட்டா பில்லே காட்டமாட்டேங்குது.

மொபைல் பிரிவுல போட்டுப் பார்த்திருப்பீங்க. 'லேண்ட்லைன் / பிராட்பேண்ட்' பிரிவுக்குப் போய், வீட்டு நம்பரை எஸ்டிடி கோடோட சேர்த்துப் போடணும். அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் 04652. கல்குளம், விளவங்கோடு பக்கம் 04651. உங்க ஊருக்கு 04651தான். நாகர்கோவில் கோடான 04652ஐப் போட்டா வேற யாரோ வீட்டு பில் வந்து நிக்கும், இல்லைன்னா ஒண்ணுமே வராது. முன்னாடி இருக்குற பூஜ்யத்தைச் சில ஆப் கேட்கும், சிலது வேண்டாம்னு கட்டத்துக்குக் கீழேயே சொல்லும். இடையில சின்னக் கோடு (-), இடைவெளி எதுவும் வேண்டாம்.

பில் வந்ததும் தொகையைப் பார்க்குறதுக்கு முன்னாடி பேரைப் பாருங்க. அப்பா பேர்ல எடுத்த லைன்னா அப்பா பேர்தான் வரணும். பேர் பொருந்தலைன்னா அங்கேயே நிறுத்திடுங்க. அடுத்தவங்க நம்பருக்குப் போன பைசாவைத் திரும்ப வாங்க மனு, ரசீது, ரெண்டு நம்பர் விவரம்னு அலையணும்.

நம்பர் சரியா இருந்தும் 'நிலுவை இல்லை'ன்னு வந்தா, அந்த மாச பில் இன்னும் போடலைன்னு அர்த்தம், இல்லைன்னா வீட்டுல வேற யாராவது முன்னாடியே அடைச்சிருப்பாங்க.

குலசேகரத்திலிருந்து: பில் அடைச்சாச்சு, பைசாவும் போயாச்சு. நெட் மட்டும் வரல்ல. யாரைக் கூப்பிட?

கூப்பிடுறதுக்கு முன்னாடி சுவத்துல மாட்டியிருக்குற மோடத்தைப் பாருங்க. மூணு விளக்கு முக்கியம்: பான் (PON), லாஸ் (LOS), இன்டர்நெட்.

லாஸ் சிவப்பா எரிஞ்சாலோ மினுக்கினாலோ அது பில் பிரச்சினையே இல்ல. ஃபைபர் எங்கேயோ அறுந்திருக்கு, மடங்கியிருக்கு, இல்லைன்னா மோடத்துக்குப் பின்னாடி இருக்குற மெல்லிய ஒயர் கழன்றிருக்கு. ரெண்டு மழைக்காலமும் பார்க்குற மாவட்டம் இது. தென்னை மட்டை விழுந்து ஃபைபர் போறது இங்க புதுசு இல்ல. லைன்மேனைக் கூப்பிடுங்க. பில்லை மறுபடி கட்டினாலும் அந்தச் சிவப்பு அணையாது.

பான் பச்சையா நிலையா எரியுது, லாஸ் அணைஞ்சிருக்கு, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியலைன்னா லைன் நல்லா இருக்கு, கணக்குதான் திறக்கலைன்னு அர்த்தம். பிரவுசரைத் திறந்தா 'பணம் செலுத்தவும்'னு கம்பெனி பக்கம் வந்து நின்னாலும் இதே கதைதான். மோடத்தை ஸ்விட்ச்ல அணைச்சு ரெண்டு நிமிஷம் விட்டுப் போடுங்க. மோடம் புதுசா லாகின் ஆனாத்தான் பல இடத்துல தடை நீங்கும். போன்ல மட்டும் அந்தப் பழைய பக்கமே வந்துக்கிட்டு இருந்தா, பிரவுசர் ஹிஸ்டரியை அழிச்சிட்டு வைஃபையை ஒருதடவை அணைச்சுப் போடுங்க.

அப்படியும் வரலைன்னா கம்பெனி ஆப்ல பைசா வரவு வச்சிருக்கான்னு பாருங்க. வரவு இருக்கு, நெட் இல்லைன்னா புகார் பதிஞ்சு புகார் எண் வாங்கிக்கோங்க.

மோடத்துக்குப் பின்னாடி வர்ற அந்த மெல்லிய ஒயரை மட்டும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகாதீங்க. முனையில தூசி பட்டா சிக்னல் குறையும். பில்லோட முடிய வேண்டியது ரிப்பேர்ல போய் நிக்கும்.

மணவாளக்குறிச்சியிலிருந்து: கேபிளுக்கு 2ஆம் தேதியே பைசா கொடுத்தாச்சு. 5ஆம் தேதி டிவியில 'சந்தா இல்லை'ன்னு வருது. கேபிள்காரர் "போட்டாச்சு"ன்னு சொல்லுதாரு.

ரெண்டு காரணம் இருக்கலாம். கேபிள்காரர் தனக்கு மேல இருக்குற பெரிய கேபிள் நிறுவனத்தோட போர்ட்டல்ல முன்பணம் போட்டு வச்சிருப்பார். உங்க பாக்ஸ் எண்ணைத் தட்டிப் புதுப்பிச்சாத்தான் அதுல இருந்து பைசா கழிஞ்சு உங்க சேனல் திறக்கும். நீங்க அவர் கையில கொடுத்ததுக்கும் இந்தத் தட்டலுக்கும் தானா ஒரு தொடர்பு கிடையாது. அவர் முன்பணம் தீர்ந்திருக்கலாம், நோட்டுல எழுதிட்டுப் போர்ட்டல்ல மறந்திருக்கலாம்.

ரெண்டாவது, அவர் நெஜமாவே போட்டிருப்பார். 'திற'ன்னு சொல்ற கட்டளை கேபிள் வழியாத்தான் பாக்ஸுக்கு வரும். அந்த நேரத்துல பாக்ஸ் அணைஞ்சிருந்தா வாங்கியிருக்காது. பாக்ஸைப் போட்டு, சந்தா கேட்கிற ஒரு சேனல்ல வச்சு, அப்படியே விட்டுட்டு, "கட்டளையை இன்னொருதடவை அனுப்புங்க"ன்னு அவர்கிட்ட சொல்லுங்க. பெரும்பாலும் சில நிமிஷத்துல வந்துடும்.

எந்தக் காரணம்னு எப்படிப் பிரிக்க? பாக்ஸுக்கு அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல விசி எண்ணோ (பாக்ஸுக்குள்ள இருக்குற கார்டோட எண்) பாக்ஸ் எண்ணோ இருக்கும். அதைச் சொல்லி, "இந்த எண்ணுக்கு எந்தத் தேதி வரை காட்டுது, ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க"ன்னு கேளுங்க. சண்டை போடாம விஷயம் தெளிஞ்சுடும்.

ரசீது கேட்குறது அவமரியாதை இல்ல. கேபிள் கட்டணத்துக்கு ரசீது கொடுக்கணும்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017ல கொண்டுவந்த விதிமுறையிலேயே இருக்கு. அரசு கேபிளுக்கும் இது பொருந்தும். மஞ்சள் அட்டையில கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தா தேதி, தொகை, பாக்ஸ் எண் மூணையும் எழுதச் சொல்லுங்க.

திங்கள்சந்தையிலிருந்து: கேபிள்காரர் கியூஆர் கோடு வச்சிருக்காரு. அதுல போட்டா ரசீது வேண்டாமா?

ஸ்கேன் பண்ணினதும் வர்ற பேரைப் பாருங்க. நிறுவனத்தோட பேர் வந்தா நல்லது. ஒரு ஆளோட பேர் வந்தா அது தனிநபருக்கு அனுப்புற பைசா. வங்கிக் கணக்குப்படி நீங்க அவருக்குப் பணம் அனுப்பினீங்க, அவ்வளவுதான். கேபிளுக்குன்னு அதுல எங்கேயும் பதிவாகாது. குறிப்பு எழுதுற கட்டத்துல 'கேபிள், பாக்ஸ் எண், ஜூலை'ன்னு தட்டிட்டு அனுப்புங்க. ரசீதும் வாங்குங்க.

குளச்சலிலிருந்து: ஜிபேல 706 ரூபாய் 82 பைசா போச்சு. 'பிராசஸிங்'னு ஒரு நாளா நிக்குது. பில்லோ அப்படியே இருக்கு. மறுபடி அடைக்கணுமா?

உடனே அடைக்காதீங்க. மூணு நிலை இருக்கு, மூணுக்கும் வைத்தியம் வேற.

'தோல்வி'ன்னு காட்டி பைசா கழிஞ்சிருந்தா தானா திரும்பும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல போட்ட உத்தரவுப்படி, யுபிஐல வணிகருக்குக் கட்டி உறுதி வராமப் போனா, பரிவர்த்தனை நாளுக்கு அப்புறம் 5 நாளுக்குள்ள பைசா திரும்பணும். தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் வங்கி கொடுக்கணும். ஆளுக்கு ஆள் அனுப்பினதுன்னா கெடு ஒரு நாள்தான்.

'பிராசஸிங்'னா பொறுங்க. உங்க நிலை இதுதான். கடைசித் தேதி நெருங்கினா மட்டும் கம்பெனி சேவை எண்ணுக்குப் பேசி 'பேமெண்ட் வந்திருக்கா'ன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ரெண்டுதடவை கட்டினாலும் போஸ்ட்பெய்டுல அது அடுத்த பில்லுக்கு வரவாத்தான் நிக்கும், போகாது.

'வெற்றி'ன்னு காட்டியும் பில் அப்படியே இருந்தா, எந்த ஆப்ல கட்டினீங்களோ அதுக்குள்ளேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியணும். ஜிபே, போன்பே மாதிரி ஆப் வழியா கட்டுற பில் பாரத் கனெக்ட்ங்கிற பொது அமைப்பு வழியாத்தான் போகுது, முன்னாடி பிபிபிஎஸ்னு சொன்னது. புகாரும் அதே வழியில போகும். 12 இலக்க யுடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பரிவர்த்தனையோட அடையாள எண்ணை, எடுத்து வச்சுக்கோங்க. ஸ்க்ரீன்ஷாட்ல அந்த எண் தெரியலைன்னா பிரயோஜனம் இல்ல.

நித்திரவிளைக்காரர், துபாயிலிருந்து: ஊர்ல அம்மா வீட்டு பில்லை இங்கிருந்து அடைக்க முடியுமா? இந்திய சிம் இல்ல.

முடியும். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட சில நாட்டு நம்பர்கள்ல, வெளிநாட்டுல இருக்குற இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தா யுபிஐ வச்சுக்கலாம்னு 2023ல அனுமதி கொடுத்தாங்க. உங்க வங்கியும் நீங்க பயன்படுத்துற ஆப்பும் அதைக் கொடுக்குதான்னு கேளுங்க, அந்த நம்பர் கணக்குல பதிஞ்சிருக்கணும். இல்லைன்னா வங்கியோட நெட் பேங்கிங்ல 'பில் பேமெண்ட்' இருக்கும். அதுல பிஎஸ்என்எல்லை ஒருதடவை சேர்த்து வச்சுட்டா மாசாமாசம் ரெண்டு தட்டல்தான். ஓடிபி வெளிநாட்டு நம்பருக்கோ மெயிலுக்கோ வருதான்னு முதல்லயே சோதிச்சுக்கோங்க. பில் எஸ்எம்எஸ் மட்டும் அம்மா போனுக்கே போகட்டும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: ஆட்டோபே போடலாமா?

இணையத்துக்குப் போடலாம், கேபிளுக்கு வேண்டாம். யுபிஐ ஆட்டோபேல 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொருதடவையும் பின் கேட்காது. பிடிக்கிறதுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னாடி அறிவிப்பு வரும். உச்சவரம்பைப் பெரிசா வைக்காதீங்க, பில் 600ன்னா 800 போதும். லைனை வெட்டினா ஆட்டோபேயையும் ஆப்ல போய் நீக்கணும், தானா நிக்காது. கேபிள்ல பேக் அடிக்கடி மாறும், அதான் வேண்டாம்னேன்.

முட்டத்திலிருந்து: ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ஒரு மாசம் இலவசம்னு சொல்லுதாங்க.

கம்பெனிக்கு நேரா, வருஷ பிளான்னு பில்லோட கட்டுறதா இருந்தா, அதுவும் லைன் ஒரு மழைக்காலத்தைத் தாங்கினதைப் பார்த்த பிறகு, கட்டலாம். உள்ளூர் ஆபரேட்டர் கையில வருஷப் பணம் கொடுக்காதீங்க. அவர் போர்ட்டல்ல மாசாமாசம்தான் போடுவார். நடுவுல அவர் லைனை வேற ஆளுக்கு வித்துட்டா, மீதி மாசத்துக்கு நீங்க முன்னாடியே கொடுத்த பைசாவைப் புது ஆள் ஏத்துக்கமாட்டார். மூணு மாசத்துக்கு மேல வேண்டாம். கடற்கரை ஊர்ல இது இன்னும் முக்கியம். உப்புக்காத்துல கேபிளோட கனெக்டர் சீக்கிரம் துருப்பிடிச்சு படம் புள்ளிபுள்ளியா உடையும். அதைச் சரி பண்ண ஆள் வர்றாரான்னு பார்த்துத்தான் பைசா கொடுக்கணும்.

களியக்காவிளையிலிருந்து: 499 பிளான்னு சொல்லிட்டு 588.82 வருது. கேபிள்லயும் மலையாள சேனல் கேட்டதுக்குக் கூடுதலா வாங்குதாங்க.

499க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 89.82. கூட்டினா 588.82, கணக்கு சரி. விளம்பரத்துல வரியைச் சேர்க்காமச் சொல்றாங்க, அதுதான் வம்பு.

கேபிள் பில்லுக்கு மூணு பகுதி. நெட்வொர்க் கட்டணம், கட்டண சேனல்களோட விலை, ரெண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம். உதாரணமா கட்டணம் 130, சேனல் 90ன்னா 220, வரி 39.60, மொத்தம் 259.60. தமிழ் பேக்கும் மலையாள பேக்கும் தனித்தனியா எடுத்தா ரெண்டுலயும் ஒரே விளையாட்டு சேனல் இருந்து அதுக்கு ரெண்டுதடவை கொடுப்பீங்க. ஒரு பேக் மட்டும் எடுத்து, பார்க்குற மலையாள சேனலைத் தனியா எடுங்க. பட்டியல் கேட்டு வாங்கி அடிச்சுப் பார்த்தா நம்ம கேரள எல்லை வீடுகள்ல மிச்சம் தெரியும்.

அருமனையிலிருந்து: அம்மைக்கு பட்டன் போன்தான். வீட்டுல வேற யாருமில்ல.

பொதுச் சேவை மையத்துல பில் நம்பரைச் சொல்லிப் பைசாவாக் கட்டலாம், அச்சடிச்ச ரசீது தருவாங்க. தபால்காரர் வழியா இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியிலயும் பில் கட்டலாம், அவர் வர்ற அன்னைக்குக் கேட்டுப் பாருங்க. எங்க கொடுத்தாலும் பழைய பில்லைக் கையோட கொடுத்தனுப்புங்க. வாயால சொன்ன நம்பர்லதான் தப்பு நடக்குது.

நாகர்கோவிலிலிருந்து: செக் கொடுக்கலாமா?

வாங்குறாங்களான்னு அலுவலகத்துல கேட்டுட்டுக் கொடுங்க. பில்லுல அச்சடிச்சிருக்குற பேருக்கு, குறுக்குக்கோடு போட்டு, பின்னாடி போன் நம்பரும் கணக்கு எண்ணும் எழுதுங்க. கடைசித் தேதிக்கு நாலஞ்சு நாள் முன்னாடி. செக் திரும்பினா அபராதம்.

கொல்லங்கோட்டிலிருந்து: 'இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்'னு மெசேஜ் வந்திருக்கு.

அந்த எண்ணுக்குக் கூப்பிடாதீங்க, லிங்க்கையும் தொடாதீங்க. பில் பாக்கி இருக்கான்னு கம்பெனி ஆப்ல நீங்களே பாருங்க. 'பத்து ரூபாய் மட்டும் கட்டிச் சரிபாருங்க'ன்னு சொல்லி ஏபிகே ஃபைல் (போன்ல ஆப்பை ஏத்துற ஃபைல்) அனுப்பினா அது போனையே திருடுற வேலை. பைசா வாங்கிக்க பின் போடத் தேவையே இல்ல, ரீஃபண்ட் தர்றேன்னு சொல்லி பின் கேட்டாலும் இதே கூட்டம்தான். பைசா போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் பேசுங்க. கொஞ்ச நேரத்துக்குள்ள பேசினாத்தான் அடுத்த கணக்குல முடக்க முடியும். அப்புறம் வங்கிக்கு.

தேங்காப்பட்டணத்திலிருந்து: லைனே வேண்டாம். கட்டாம விட்டா தானா போயிடுமா?

ப்ரீபெய்டா இருந்தா ரீசார்ஜ் நின்னதும் நிக்கும். போஸ்ட்பெய்டுல விடாதீங்க, வாடகை ஏறிக்கிட்டே இருக்கும், பிறகு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு கடிதம் வரும். எழுத்துல மனு கொடுத்து மனு எண் வாங்குங்க. மோடம் கம்பெனியோடதுன்னா அடாப்டரோட சேர்த்துத் திருப்பிக் கொடுத்து, சீரியல் நம்பர் எழுதின ரசீது வாங்குங்க. அந்த ரசீது இல்லாமத்தான் பலருக்கு டெபாசிட் நிக்குது. கடைசி பில்லைக் கட்டின பிறகு 'நிலுவை இல்லை'ன்னு ஒரு மெயிலாவது கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.