கோடிக்கணக்கான விளம்பரப் பணமும் உங்கள் மகனின் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பும்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் மதுரையில் ப்ளஸ் ஒன் படிக்கிறான், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் போட்டிகளில் ஆடுகிறான். அவனை அமெரிக்கக் கல்லூரியில் சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். "அங்கே இப்போ காலேஜ் பிளேயர்களுக்கே கோடிக்கணக்கில் விளம்பரப் பணம் கொட்டுது, பையன் படிப்புச் செலவை அவனே பார்த்துக்குவான்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி, உங்கள் மகன் விஷயத்தில், அநேகமாக நடக்காது. அதற்காக அந்தப் பணத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிடவும் முடியாது. அவன் கைக்கு வராத அந்தப் பணம்தான், அவனுக்கு டீமில் இடம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கப்போகிறது. அதை எல்லாம் ஏஜென்ட் சொல்லமாட்டார் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் முக்கிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. பல பத்தாண்டுகளாக அதன் கொள்கை ஒன்றுதான்: மாணவன் ஸ்காலர்ஷிப் வாங்கலாம், சம்பளம் வாங்கக் கூடாது. லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம் அவனைப் பார்க்க நிரம்பும், டி.வி. உரிமை பல நூறு கோடி டாலருக்குப் போகும், ஆனால் தன் படம் போட்ட டி-ஷர்ட்டில் இருந்து அவன் ஒரு டாலர் வாங்கினால் குற்றம். 2019-இல் கலிபோர்னியா மாநிலம் இதை எதிர்த்து ஒரு சட்டம் போட்டது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனாலும் அதன் பிறகு பழைய விதியைக் கட்டிக் காக்க என்.சி.ஏ.ஏ.வுக்குத் தெம்பில்லை. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் புகழையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று ஆயிற்று. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள்.

ஷூ கம்பெனியும் குளிர்பானக் கம்பெனியும் விளம்பரம் கொடுக்கும், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பணக்கார ரசிகர்கள் சேர்ந்து 'கலெக்டிவ்' என்று நிதிக்குழுக்கள் ஆரம்பித்தார்கள். பேருக்கு விளம்பர ஒப்பந்தம். உண்மையில், எங்கள் காலேஜுக்கு வா, இவ்வளவு தருகிறோம் என்ற பேரம். பயிற்சி எப்படி, கோச் யார், படிப்பு எப்படி என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது தொகை எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்த திருப்பம் 2025-இல். மாணவ வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் நஷ்டஈடு கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அதன்படி பல்கலைக்கழகமே தன் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். 2025-26-க்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர், நம் கணக்கில் 170 கோடி ரூபாய்க்கு மேல். ஏஜென்ட் உங்களிடம் காட்டியது இந்த எண்ணாகத்தான் இருக்கும்.

இந்தப் பானையிலிருந்து யாருக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பழைய வீரர்களுக்கான நஷ்டஈட்டைப் பிரித்தபோது சுமார் 75 சதவீதம் ஃபுட்பால், 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்து, 5 சதவீதம் பெண்கள் கூடைப்பந்து, மீதி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 5 சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் வருமானப் பங்கையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் பிரிக்கின்றன. ஃபுட்பால் என்றால் அவர்கள் ஊர் ஃபுட்பால், ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்வது. டென்னிஸ் அந்தக் கடைசி ஐந்துக்குள் நீச்சல், ஓட்டம், கோல்ஃப் எல்லாவற்றோடும் ஒண்டிக்கொள்ள வேண்டும். பல இடங்களில் டென்னிஸுக்கு ஒரு பைசாவும் இல்லை.

இப்போது ஸ்காலர்ஷிப்புக்கு வருகிறேன். உங்களுக்கு முக்கியம் அதுதான். முன்பு என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இல் ஒரு ஆண்கள் டென்னிஸ் டீமுக்கு அதிகபட்சம் 4.5 ஸ்காலர்ஷிப். அந்த நாலரையை எட்டு, ஒன்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார் கோச். ஒருவனுக்கு 80 சதவீதம், இன்னொருவனுக்கு 30, ஒருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும். ஹவுஸ் சமரசத்தை ஏற்ற பல்கலைக்கழகங்களில் இந்த வரம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக, டீமில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று தலைக்கணக்கு வந்திருக்கிறது. பத்துப் பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்க விதி தடை சொல்லாது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் இங்கேதான். பழைய வரம்புக்கு மேலே புதிதாகத் தரும் ஸ்காலர்ஷிப்புகளை, 25 லட்சம் டாலர் வரைக்கும், அதே 2.05 கோடி டாலர் பானையில் கழித்துக்கொள்ள வேண்டும். அதாவது டென்னிஸ் கோச் கூடுதலாக ஒரு பையனுக்கு ஸ்காலர்ஷிப் கேட்டால், ஃபுட்பால் கோச்சின் தட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்கிறார் என்று அர்த்தம். அந்தப் பஞ்சாயத்தில் டென்னிஸ் ஜெயிக்கும் இடங்கள் ரொம்பக் குறைவு. செலவைச் சமாளிக்க முடியாமல் டீமையே கலைத்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் கால் பாலி என்ற பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணிகளைக் கலைத்தது, பணச்சுமையைத்தான் காரணமாகச் சொன்னது.

(மகளாக இருந்திருந்தால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பேன். 1972-இன் டைட்டில் நைன் சட்டப்படி ஆண், பெண் இருவருக்கும் விளையாட்டில் சம வாய்ப்புக் காட்ட வேண்டும். அதனால் பெண்கள் அணியில் கை வைக்க யோசிப்பார்கள்.)

இதைவிட உங்கள் மகனை நேரடியாகப் பாதிப்பது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். முன்பு ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் சில விளையாட்டுகளில் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு தடவை சும்மா மாறலாம் என்றார்கள். 2024-இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று திறந்தே விட்டார்கள். பணமும் சேர்ந்ததும், வருஷா வருஷம் ஒரு சந்தை. இப்போது கோச் இடத்தில் நீங்கள் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். மதுரையிலிருந்து 18 வயதுப் பையன் ஒருவன், திறமை இருக்கிறது, குளிருக்கும் சாப்பாட்டுக்கும் பழக ஒரு வருஷமாகும். இன்னொரு பக்கம் ஏற்கெனவே இரண்டு சீசன் கல்லூரி டென்னிஸ் ஆடி ஜெயித்துக் காட்டிய 21 வயதுக்காரன். இருப்பதோ பத்து இடம். யாரை எடுப்பீர்கள்? டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மாணவர்கள்தான், ஆகவே நம் பையன்களுக்குக் கதவு மூடவில்லை. ஆனால் நேராகப் பள்ளியிலிருந்து போகிறவர்களுக்கு அது குறுகிவிட்டது.

உங்கள் ஊர்க்காரர் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷைப் பற்றி மகன் சொல்லியிருப்பான். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி ஜெயித்தார். அதற்கு முன்னால், சென்னையில் பயிற்சி எடுத்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். சோம்தேவ் காலத்தில் என்.ஐ.எல்.லும் இல்லை, இந்தச் சந்தையும் இல்லை. கல்லூரி டென்னிஸ் நல்ல பாதைதான் என்பதற்கு இவர்களைக் காட்டலாம். விளம்பரப் பணத்துக்குக் காட்ட முடியாது.

அப்புறம் விசா. ஏஜென்ட் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மகன் எஃப்-1 மாணவர் விசாவில் போவான். அதில் ஸ்காலர்ஷிப் வாங்கலாம், தடையில்லை. கேம்பஸுக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். வெளியே ஒரு கடைக்கு விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்கினால் அது அனுமதியில்லாத வேலை ஆகிவிடக் கூடும். அப்படி ஆனால் போவது டீம் இடம் மட்டுமில்லை, விசாவும்தான். என்.ஐ.எல். வந்தபோது இந்த விசா விதிகளை யாரும் மாற்றி எழுதவில்லை. கென்டக்கியில் கூடைப்பந்து ஆடிய ஆஸ்கர் ஷீப்வே காங்கோ நாட்டுக்காரர், நாடே அறிந்த வீரர். 2022-இல் டீம் பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போனபோதுதான், அமெரிக்க மண்ணுக்கு வெளியே நின்றுகொண்டு, தன் விளம்பர வேலைகளைச் செய்தார். அவருக்கே அந்தப் பாடு. உங்கள் மகன் லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது நம் ஊர் ராக்கெட் கடை விளம்பரத்துக்கு இங்கேயே படம் எடுத்துக்கொண்டால் சிக்கல் குறைவு. அதையும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

வாய்ப் பேச்சை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பிள்ளைகளே சாட்சி. ஃபுட்பால் வீரர் ஜேடன் ரஷாடா 1.385 கோடி டாலர் ஒப்பந்தத்தை நம்பி ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். பணம் வரவில்லை, வேறு கல்லூரிக்குப் போனார், 2024-இல் கோச் மேலேயே வழக்குப் போட்டார். அதே வருஷம் லாஸ் வேகஸ் யு.என்.எல்.வி.யில் மேத்யூ ஸ்லூகா, டீம் மூன்று ஆட்டத்தில் மூன்றும் ஜெயித்திருந்த நிலையில், பாதியில் விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாக வாயால் சொன்னார்கள், தரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை என்றது பல்கலைக்கழகம். வக்கீலும் ஏஜென்டும் கூடவே இருந்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி.

சரி, என்ன செய்யலாம்?

டிவிஷன் 1 பெரிய பெயர்களை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வருமானப் பங்கு கொடுக்காத நடுத்தரப் பல்கலைக்கழகங்கள், டிவிஷன் 2, என்.ஏ.ஐ.ஏ. (என்.சி.ஏ.ஏ.வில் சேராத, பெரும்பாலும் சின்னக் கல்லூரிகளின் தனி அமைப்பு) கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் எழுதச் சொல்லுங்கள். டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் மார்க்கை வைத்துத் தருகிற உதவித்தொகை சில இடங்களில் தாராளமாக இருக்கும். ஹார்வர்ட் மாதிரியான ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்குப் பணம் தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வருஷச் செலவு 80,000 டாலரைத் தாண்டும் காலத்தில், 40 சதவீத ஸ்காலர்ஷிப் என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் மீதி உங்கள் தலையில்தான். சதவீதம் சொன்னால் விடாதீர்கள். எங்கள் கையிலிருந்து வருஷத்துக்கு எத்தனை டாலர் போகும் என்று கேளுங்கள்.

மகன் கோச்சுகளுக்கு இப்போதே எழுதலாம். யு.டி.ஆர். ரேட்டிங் (ஆட்டத் தரத்தை உலக அளவில் ஒரே அளவுகோலில் காட்டும் எண்), மேட்ச் வீடியோ, மார்க் பட்டியல், இந்த மூன்றும் போதும். கடிதத்தை அவனே எழுதட்டும். அம்மா எழுதியது, ஏஜென்ட் எழுதியது எல்லாம் கோச்சுக்குப் படித்தவுடன் தெரிந்துவிடும். டிவிஷன் 1-க்கு 16 முக்கியப் பாடங்களில் தேறியிருக்க வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பார்ப்பார்கள். போட்டிக்காகப் பள்ளியை விட்டுத் தனித்தேர்வராக எழுத வைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. பரிசுப் பணம் வாங்குவது பற்றிய விதிகளும் வழக்குகளால் மாறிக்கொண்டிருக்கின்றன. ஐ.டி.எஃப். பணப்பரிசுப் போட்டியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் கேட்டுவிடுங்கள்.

கோச் பதில் போட்டால் இதை எல்லாம் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் பல்கலைக்கழகம் ஹவுஸ் சமரசத்தை ஏற்றிருக்கிறதா? ஸ்காலர்ஷிப் ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்குமா? காயம்பட்டால்? கடந்த இரண்டு வருஷத்தில் போர்ட்டலிலிருந்து எத்தனை பேரை எடுத்தீர்கள், பள்ளியிலிருந்து நேராக எத்தனை பேரை? நீங்கள் இன்னும் எத்தனை வருஷம் அங்கே இருப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரிக்கும் விதத்திலேயே பதில் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு பையன், கல்லூரியின் பெயர் வேண்டாம், நல்ல ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்து ஒரே சீசனில் டீமிலிருந்து கழற்றி விடப்பட்டான். அவனுக்குப் பிடித்த படிப்பு அங்கே நன்றாக இருந்ததால் தாக்குப்பிடித்தான், சொந்தச் செலவில். உங்கள் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறான் என்றால், டென்னிஸே இல்லாவிட்டாலும் அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க அனுப்புவீர்களா என்று யோசித்துத்தான் பட்டியல் போட வேண்டும்.

ஏஜென்ட் விஷயம். கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் பத்து சதவீதம் தனக்கு என்று கேட்டிருக்கிறார் என்கிறீர்கள். இது வெறும் பேராசை இல்லை. ஸ்காலர்ஷிப் தொகையை வைத்துக் கமிஷன் கொடுத்தால் மகனின் என்.சி.ஏ.ஏ. தகுதியே போய்விடக் கூடும். வீடியோ எடுத்துத் தர, கடிதம் அனுப்பித் தர இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்குவது வேறு, இது வேறு. அவர் நீட்டும் எந்தத் தாளிலும் நீங்களோ பையனோ கையெழுத்துப் போட வேண்டாம்.

முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. கொடுத்திருந்தால், என்ன எழுதி வாங்கினார் என்ற தாளின் படத்தை எனக்கு அனுப்புங்கள், மற்றதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.