கண்ணாடித் தள மின் அடுப்பு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கும்பகோணத்தில் மின் அடுப்புகளைப் பழுது பார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வரும் இன்ஃப்ராரெட் அடுப்புகளில் பல, கண்ணாடியின் குணம் தெரியாமல் புழங்கியதால் கெட்டவை. அந்தக் கண்ணாடி சூட்டுக்கு அஞ்சாது. அடிக்கும் சர்க்கரைக்கும்தான் அஞ்சும்.

மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா: பித்தளைப் பாத்திரங்கள் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகவே இல்லை. இன்ஃப்ராரெட் அடுப்பு வாங்கினால் பயன்படுமா?

பயன்படும் அம்மா. இண்டக்ஷன், காந்தம் ஒட்டும் பாத்திரத்தை மட்டுமே சூடாக்கும். பித்தளை, செம்பு, வெண்கலம் எதிலும் காந்தம் ஒட்டாது. இன்ஃப்ராரெட்டில் கண்ணாடிக்குக் கீழே உள்ள சுருள் செக்கச் சிவந்து, அந்த அனல் கண்ணாடியைக் கடந்து மேலே வருகிறது. அதற்கு எந்த உலோகமும் ஒன்றுதான். ஆனால் பாத்திரத்தின் அடி தட்டையாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பித்தளைத் தவலைகளுக்கு அடி உருண்டை; நடுவில் ஒரு புள்ளிதான் கண்ணாடியில் படும், மற்ற இடமெல்லாம் இடைவெளி. சமையல் ஆகும், நேரம் அதிகமாகும். கடையில் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் புகுந்தால் அது இந்த அடுப்புக்கு உகந்தது அல்ல.

பாபநாசத்திலிருந்து ஒரு மருமகள்: மாமியாரின் ஈயச் சொம்பில் ரசம் வைத்துத்தான் எங்கள் வீட்டில் பழக்கம். இந்த அடுப்பில் வைக்கலாமா?

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். நாம் ஈயச் சொம்பு என்று சொல்வது வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காஸ் அடுப்பில் அது தப்பிப்பது உள்ளே இருக்கும் ரசத்தால்தான். ரசம் 100 டிகிரிக்கு மேல் ஏறாமல் சொம்பையும் காப்பாற்றுகிறது. இங்கே கண்ணாடியின் சூடு வெள்ளீயம் உருகும் அளவைத் தாண்டிவிடும். சொம்பின் அடியைவிடச் சிவப்பு வட்டம் பெரிதாக இருந்தால், ரசம் எட்டாத பக்கச் சுவரிலும் அனல் படும். அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் கொதிக்கும். ரசத்தை ஊற்றிவிட்டு வெறும் சொம்பை அதே இடத்தில் வைத்தீர்கள் என்றால் அடி இளகிவிடும். உருகிய உலோகம் கண்ணாடியோடு ஒட்டினால் இரண்டுமே போய்விடும். ரசத்தை ஸ்டீல் பாத்திரத்தில் நுரை கட்டும்வரை வைத்து, கொதிக்கக் கொதிக்க ஈயச் சொம்பில் ஊற்றி மூடிவையுங்கள். ஈயத்தின் மணம் ரசத்தில் ஏறும். மாமியாரின் சொம்பும் உங்கள் மகளுக்கு மிஞ்சும்.

திருவையாற்றிலிருந்து ஓர் அக்கா: அசோகா அல்வா கிளறும்போது சர்க்கரைப் பாகு சிந்திவிட்டது. ஆறட்டும் என்று விட்டு, மறுநாள் சுரண்டியபோது கண்ணாடியில் சிறு சிறு குழிகள் விழுந்துவிட்டன. கண்ணாடி தரமற்றதா?

கண்ணாடியின் மீது குறையில்லை அக்கா. எல்லாக் கறைக்கும் ஆறவிட்டுத் துடைப்பதுதான் முறை; சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் மட்டும் நேர்மாறு. இந்தக் கண்ணாடி சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை, ஆறும்போது சுருங்குவதும் இல்லை. அதனால்தான் தணல் மேல் குளிர்ந்த பாத்திரத்தை வைத்தாலும் வெடிப்பதில்லை. பாகோ ஆற ஆறச் சுருங்கி இறுகும். ஒட்டிக்கொண்டு சுருங்கும் பாகு, சுருங்காத கண்ணாடியின் மேல்தோலைச் செதில் செதிலாகப் பிய்த்துவிடுகிறது.

இனி பாகு சிந்தினால் உடனே அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தை இறக்கிவிட்டு, கையில் தடித்த துணியுறை போட்டுக்கொண்டு, கைப்பிடி வைத்த பிளேடு சுரண்டியைச் சாய்வாகப் பிடித்து, பாகு இளகியிருக்கும்போதே சூடான வட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிடுங்கள். மீதியை ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைக்கலாம். ஏற்கெனவே இறுகிவிட்டது என்றால் மெதுவாக மீண்டும் சூடாக்கி, இளகியதும் தள்ளுங்கள். விழுந்த குழிகளை எந்தப் பொடியாலும் நிரப்ப முடியாது. தீபாவளிக்கு அதிரசப் பாகு வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். உண்மையைச் சொன்னால், பாகு வேலையைக் காஸ் அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

பால் பொங்கினால் இவ்வளவு பதற்றம் வேண்டாம். ஆறிய பிறகு சுரண்டினால் வந்துவிடும்.

சீர்காழியிலிருந்து ஒருவர்: சிவப்பு வெளிச்சம் அணைந்து அணைந்து எரிகிறது. பழுதா? பம்புசெட் ஓடும் நேரத்தில் சூடும் குறைகிறது.

முதலாவது பழுதல்ல ஐயா. கண்ணாடி அளவு மீறிச் சூடாகாமல், சுருளை அணைத்தும் ஏற்றியும் அடுப்பு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. இரண்டாவதற்குக் காரணம் மின்னழுத்தம். 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் 2000 வாட் சுருள் 1500 வாட் அளவுக்கே அனல் தரும்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பயன்படுத்துகிறோம். பிளக் கை வைக்க முடியாமல் சுடுகிறது.

இன்றே நிறுத்துங்கள் தம்பி. 2000 வாட் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டும் மெல்லிய கம்பியும் அதைத் தாங்காது. முதலில் பிளக் கருகும், பிறகு சுவருக்குள் இருக்கும் கம்பி. ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து 16 ஆம்பியர் சாக்கெட்டைத் தனிக் கம்பியில் போடச் சொல்லுங்கள். எர்த் இருக்கிறதா என்பதையும் அவரையே சோதிக்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் கம்பியே இருக்காது. நான் பார்த்திருக்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து: கண்ணாடியில் வெள்ளை வளையங்கள் போகவில்லை.

உப்புநீர்க் கறை. ஆறிய கண்ணாடியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவி, ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். கம்பி நாரும் சாம்பலும் வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தை இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். எப்போதும் தூக்கி வையுங்கள்.

திருவாரூரிலிருந்து ஓர் அம்மா: பொங்கலுக்கு மண்பானையை இதில் ஏற்றலாமா?

மண்பானையின் அடியில் மணல் இருக்கும், கண்ணாடியைக் கீறிவிடும். பொங்கிய வெல்லப் பால் என்ன செய்யும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். வாசலில் மூன்று கல் கூட்டிப் பொங்குங்கள் அம்மா.

வேதாரண்யத்திலிருந்து ஒருவர்: எல்லாம் மின்சாரத்தில் ஆகிறது, காஸ் இணைப்பை விட்டுவிடலாமா? இன்னொன்று, அம்மிக் குழவி விழுந்து கண்ணாடியில் மயிரிழை விரிசல். அடுப்பு எரிகிறது, தொடரலாமா?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் உங்கள் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இன்வெர்ட்டர் இந்த அடுப்பைச் சுமக்காது. காஸ் இணைப்பை விடாதீர்கள்.

விரிசல் விழுந்த அடுப்பில் ஒரு நாள்கூடச் சமைக்காதீர்கள். அந்த மயிரிழை வழியாகக் கொதிக்கும் குழம்பு கீழே இறங்கினால் மின்சாரம் ஓடும் சுருளைத் தொடும். பாத்திரத்தைப் பிடித்திருக்கும் கைக்கு அதிர்ச்சி வரும். முதலில் சுவர் சுவிட்சை அணைத்து, பிறகு பிளக்கை எடுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள், அந்தச் சூட்டுக்கு எந்தப் பசையும் நிற்காது. அடுப்பின் மாடல் எண் அடித்தட்டில் ஒட்டியிருக்கும். அதைக் காட்டி அதே அளவுக் கண்ணாடியை வாங்கி மாற்றச் சொல்லுங்கள். அதுவரை காஸில் சமையுங்கள், குழவியை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள்.