மறுமொழி: கொள்ளுத் தாத்தா 1927 சென்னைக் காங்கிரஸின் பிரதிநிதியா?

வணக்கம் ஐயா. இராயபுரத்தில் வாழ்ந்த தங்கள் கொள்ளுத் தாத்தா, டாக்டர் எம். ஏ. அன்சாரி தலைமையில் 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டின் பிரதிநிதி என்று வீட்டார் சொல்வதையும், பெட்டியில் ஒரு பித்தளை வில்லை (சட்டையில் அணியும் அடையாளச் சின்னம்) கிடைத்ததையும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் வில்லையைப் பாருங்கள். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் ஓரளவு தெரியும். பிரதிநிதி, வரவேற்புக் குழு உறுப்பினர், தொண்டர், பார்வையாளர் ஆகியோர் வெவ்வேறானவர்கள். உள்ளூர்க்காரர் பலர் வரவேற்புக் குழுவிலோ தொண்டர் படையிலோ இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் பெருமைக்குரிய பணியே என்பது என் உறுதியான எண்ணம்.

1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது மாநாட்டுக்கு, ஊர்ச் சங்கங்களும் பொதுக்கூட்டங்களும் தேர்ந்தெடுத்த 607 பேர் வந்தார்கள்; அக்கால அறிக்கைகளின் பிற்சேர்க்கையில் பிரதிநிதிகளின் பெயரும் தொழிலும் உண்டு. 1920 நாகபுரி மாநாட்டில் ஏற்கப்பட்ட காங்கிரஸ் விதிகளோ ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு பிரதிநிதி என்று வரம்பிட்டு, தேர்வை மாகாணக் குழுக்களிடம் ஒப்படைத்தன. ஆகவே இராயபுரம், வண்ணாரப்பேட்டை போன்ற பகுதிகளுக்குச் சில இடங்களே கிடைத்திருக்கும்.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் 1927 மாநாட்டு அறிக்கையையும், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் 1927 டிசம்பர் மாதச் சுதேசமித்திரன் நாளிதழ்களையும் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பட்டியலில் தலைப்பெழுத்தும் பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கக்கூடும் என்பதால், தொழிலையும் தெருப்பெயரையும் கொண்டு சரிபாருங்கள். வில்லையின் இருபுறப் படத்தையும் இங்கே பதிவிட்டால், எழுத்துகளைப் படித்துச் சொல்ல முயல்கிறேன்.